கோட்டை பார்த்து வந்தால் முழுக வேண்டும்

ஹோர்சன்ஸில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகளாக வந்துபோன எல்லோருக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு. டென்மார்க்கின் பழைய கோட்டை ஒன்றையோ துறவிமடம் ஒன்றையோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் நேரே குளியலறைக்குப் போக வேண்டும். தலை முழுகி உடுப்பு மாற்றிய பிறகே குசினிக்குள் வரலாம். அதற்கென்றே குளியலறை வாசலில் ஒரு பிரம்புக்கூடையும் அதற்குள் மடித்த துவாய்களும் இருக்கின்றன. ரொறன்ரோவிலிருந்து வந்தவர்களும் லண்டனிலிருந்து வந்தவர்களும் முணுமுணுத்துக்கொண்டே முழுகியிருக்கிறார்கள். ஒரு கோடை மாலையில் எங்கள் கொடியில் ஏழு துவாய்கள் ஒன்றாகக் காய்வதைக் கண்ட பக்கத்து வீட்டு டேனிஷ் மூதாட்டி வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்துக் காரணம் கேட்டார். கோட்டைக்குப் போய்வந்தோம் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அங்கே அவ்வளவு தூசியா?" என்றார். "யா" என்று டேனிஷில் ஆமாம் சொல்லி வைத்தேன். அதன் பிறகு நாங்கள் எங்கே புறப்பட்டாலும், தூசிக்குக் கழுத்துத்துணி எடுத்துக்கொண்டீர்களா என்று கரிசனையாக விசாரிப்பார். அவர் விளங்கிக்கொண்டது பிழை என்பது எனக்குத் தெரியும், திருத்த முயன்றதில்லை. நான் விளங்கிக்கொண்டிருந்ததும் பிழை என்று தெரியவர எனக்கு முப்பது ஆண்டுகள் எடுத்தன.

அந்த விதி பிறந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. திருமணமாகி இந்த நாட்டுக்கு வந்து எனக்கு அது இரண்டாவது கோடை. என் கணவர் அப்போது கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். எனக்கு ஊரைக் காட்டவென்று ஒரு ஞாயிறு பழைய துறவிமடம் ஒன்றுக்குக் காரில் கூட்டிப்போனார். மடத்தின் தேவாலயத் தரை முழுவதும் கல்லறைக் கற்கள். கவசம் அணிந்த பிரபுக்களும் தலைமுக்காடிட்ட சீமாட்டிகளும் கல்லில் செதுக்கப்பட்டுப் படுத்திருந்தார்கள்; நானூறு ஐந்நூறு ஆண்டுகள் மனிதர்கள் நடந்து நடந்து அவர்களுடைய மூக்கும் கண்ணும் தேய்ந்திருந்தன. இறந்தவரின் முகத்தின் மேல் சப்பாத்துக் காலோடு நடக்கும் ஊரை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். பதிந்த வாசல், இரண்டு முழத் தடிப்பில் சுவர், உயரத்தில் கம்பி போட்ட சிறிய சாளரம். என் கணவர் ஒரு காலை நிலைப்படிக்கு அப்பால் வைத்தார், உள்ளே ஒரு முறை பார்த்தார், காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

"கீழை பிரேதம் தாட்டிருக்கு. நான் வரேல்லை. நீர் பாத்திட்டு வாரும்" என்றார்.

ஆசாரமான சைவக் குடும்பத்துப் பிள்ளை என்று எனக்குச் சொல்லித்தான் அவரைப் பேசியிருந்தார்கள். ஆகவே சாவுத் துடக்கு, தீட்டு என்கிறார் என்று அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். அன்று மாலை நானாகவே தலை முழுகிவிட்டு வந்து, "முழுகிட்டன்" என்றேன். ஒரு கணம் அவர் முகத்தில் வியப்பு ஓடியது. பிறகு "நல்லது" என்றார். அந்தக் கணத்தை நான் கண்டேன், கண்டும் கடந்துபோனேன். அடுத்த முறை கோட்டைக்குப் போனபோது, கோட்டைக்குள்ளும் தேவாலயம் இருக்கும், தேவாலயத்துக்குள் கல்லறை இருக்கும் என்று அவர் சொல்ல, அதுவும் விதியாயிற்று. இப்படியாக ஒரு மனிதரின் ஒற்றை வசனத்தின் மேல் நான் ஒரு வீட்டு ஆசாரத்தைக் கட்டி எழுப்பி, கனடாவிலும் இங்கிலாந்திலும் இருந்து வந்தவர்களை எல்லாம் அதற்குள் நிறுத்தினேன்.

எனக்குக் கோட்டைகள் பிடிக்கும். நூலகத்தில் டேனிஷ் படிக்கப் பழகியதே அவற்றைப் பற்றிய புத்தகங்களால்தான். எந்த அரசன் எந்த அரசியைச் சிறை வைத்தான், எந்த மடத்தின் கற்களைப் பெயர்த்து எந்தக் கோட்டையைக் கட்டினார்கள் என்பதெல்லாம் ஒரு காலத்தில் எனக்கு மனப்பாடம். ஏரிக்கரையில் இருந்த மடம் ஒன்றில், தோண்டி எடுத்த எலும்புக்கூடுகளைக் கண்ணாடிக்குக் கீழ் அப்படியே கிடத்தியிருந்தார்கள். இவருக்குக் கால் முறிந்து கோணலாகப் பொருந்தியது, இவருக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ்க்கட்டு வந்து நெடுநாள் வருந்தினார் என்று ஒவ்வொருவரின் பக்கத்திலும் எழுதி வைத்திருந்தார்கள். பெயர் தெரியாத ஒரு துறவியின் எழுநூறு ஆண்டுப் பல்வலிக்குக் கூட இந்த நாட்டில் ஒரு பதிவு இருக்கிறது. என்னோடு படித்தவர்களில் எத்தனையோ பேர் எங்கே போனார்கள் என்பதற்கு எங்கள் நாட்டில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அந்தக் கண்ணாடியின் முன் நின்று நான் இதைத்தான் நினைத்தேன். அதே வேளையில் வெளியே சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்த மனிதரைப் பற்றி நினைக்கவில்லை.

ஆம், சாப்பாட்டுப் பை. நாங்கள் உள்ளே போகும்போது அதை அவர்தான் வைத்திருப்பார். இடியப்பமும் சம்பலும், அல்லது ரொட்டியும் உருளைக்கிழங்குப் பிரட்டலும். பெரும்பாலான கோட்டைகளைச் சுற்றி அகழி இருக்கும், அகழியின் மேல் பாலம் இருக்கும். பாலத்தின் இந்தப் பக்கத்தில் பையை மார்போடு அணைத்தபடி, வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாங்கள் வெளியே வந்ததும் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "உள்ளுக்குப் பசிச்சதோ?" ஒரு மணித்தியாலத்துக்குள் என்ன பசி என்று எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரித்துக்கொண்டே தோடம்பழத்தை உரிக்கத் தொடங்குவார்.

கடந்த இளவேனிலில், என் கணவர் கார்ச் சாவியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடிய நாட்களுக்குப் பிறகு, மருத்துவர் அவருக்கு மறதிநோய் தொடங்கிவிட்டது என்றார். அவருக்கு அப்போது அறுபத்தாறு வயது. மருத்துவர் மென்மையாக விளக்கிய எதுவும் எனக்குப் புதிதில்லை. இருபத்தாறு ஆண்டுகள் முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள் நான். இந்த நோயில் அண்மைக்காலம் முதலில் கரையும். பழையது கடைசிவரை தங்கும். எங்கள் இல்லத்தில் ஒரு மூதாட்டி பிள்ளைகளின் பெயர்களை எல்லாம் மறந்த பிறகும், தரை துடைக்கும் இயந்திரம் இரைந்தால் சாப்பிடத் தந்த பாண் துண்டைத் தலையணைக்குக் கீழ் ஒளித்துவைப்பார். அவருடைய சிறுவயதில், போர்க்காலத்தில், இந்தத் தெருக்களில் வேறு நாட்டுப் படைவீரர்கள் நடந்திருக்கிறார்கள். என் கணவருக்கும் அந்த வரிசைப்படிதான் நடக்கும். முதலில் டேனிஷ் மொழி போகும், பிறகு இந்த வீடு போகும்; நானும் அந்த வரிசையில் எங்கேயோ நிற்கிறேன். எஞ்சப்போவது என்னைக் காண்பதற்கு முந்திய அவருடைய வாழ்வு. அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது மிகக் குறைவு. ஊரில் இராணுவத்திடம் பிடிபட்டு "கொஞ்ச நாள்" உள்ளே இருந்தவர் என்பது தெரியும். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. கேட்பது நோகும் என்று நானும் கேட்கவில்லை. அவர் திரும்பிப்போகப் போகிற இடம் எது என்று, அவர் அங்கே போய்ச் சேர முன்னம் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்ற தவிப்பு அப்போதுதான் தொடங்கியது. தெரிந்தால் கூடவே போய் இருக்கலாமே என்று நினைத்தேன்.

அந்தக் கோடையில் அவருடைய மூத்த அக்கா ரொறன்ரோவிலிருந்து வந்தார். எனக்கு மச்சாள். எழுபத்தாறு வயது, இரண்டு முழங்காலும் வலி, நாக்கு மட்டும் இருபது வயதில் நின்றுவிட்டது. அடுத்த நாள் கோட்டை பார்க்கப் போவதாகத் திட்டம். இவர் இப்போது கார் ஓட்டுவதில்லை என்பதால் ரெயிலிலும் பஸ்ஸிலும் போவதாகப் பேசிக்கொண்டு சாப்பிட்டோம். நான் வழக்கம்போலப் பிரம்புக்கூடையின் விதியையும், இவர் வெளியே நிற்பார் என்பதையும் சொன்னேன்.

"முழுகிறது கிடக்கட்டும். உவன் ஏன் உள்ளுக்கு வரமாட்டானாம்? அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போய் வாசல்ல நிக்கிறதுக்கு, தம்பி, நீ என்ன காவல்காரனே?"

"அங்கை சவம் தாட்டிருக்கு அக்கா. துடக்கு."

மச்சாள் சிரித்த சிரிப்பில் புரைக்கேறி, நான் எழுந்துபோய்த் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

"பிள்ளை, உவன்ரை கதையை நம்பி நீர் முப்பது வரியமா முழுகினனீரே! உவன் சின்னனிலை சுடலைக்குள்ளை விழுந்த பந்தெடுக்கப் போறவன். மற்றப் பெடியள் எல்லாம் மதிலுக்கு இஞ்சாலை நிண்டு நடுங்குவாங்கள். உவர் பந்தோடை வந்து, முழுகாமல் கொள்ளாமல் சோத்துப் பானைக்குள்ளை கை விடுவார். அம்மா அகப்பையாலை போட்ட அடி இப்பவும் முதுகிலை கிடக்கும், திருப்பிப் பாரும்."

அவரும் சிரித்தார். சிரித்தபடி கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டு முழுக்கு ஒரு நொடியில் வற்றிப்போனது எனக்கு வருத்தமாக இல்லை. அப்படியானால் காரணம் என்ன என்ற கேள்வி மட்டும் மேசையில் வந்து உட்கார்ந்தது.

"நாளைக்கு நீ என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வாறாய். படியிலை நான் விழுந்தால் என்னையும் உங்கையே தாட்டுப்போட்டு வந்து முழுகுவியள்" என்றார் மச்சாள்.

"சரி அக்கா" என்றார் அவர். அக்காவுக்கு அவர் மறுத்துப் பேசியதை நான் ஒருபோதும் கேட்டதில்லை.

செங்கல்லால் கட்டிய, அகழி சூழ்ந்த கோட்டை அது. பாலத்தில் அவர் ஒரு தடவை நின்றார். மச்சாள் கையைப் பிடித்து இழுக்க, நடந்தார். விருந்து மண்டபத்தையும் தேவாலயத்தையும் பார்த்த பிறகு, பழங்கால உடுப்பில் பெரிய சாவிக்கொத்தோடு வந்த இளம் வழிகாட்டி எங்களையும் இன்னும் பத்துப் பேரையும் நிலவறைக்கு இறக்கினாள். கைதிகளை வைத்திருந்த இடம். படியிறங்கும்போது அவர் மச்சாளுக்கு ஒவ்வொரு படியாக எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தார். கீழே நின்று வழிகாட்டி டேனிஷில் சொன்னாள்: இப்போது ஒரு நிமிடம் கதவைச் சாத்தி விளக்கை அணைக்கப் போகிறேன், கைதிகள் எப்படி உணர்ந்திருப்பார்கள் என்று நீங்களும் அறிய வேண்டுமல்லவா, விருப்பமில்லாதவர்கள் வெளியே நிற்கலாம். அவர் அக்காவின் முழங்காலைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் அது விழவில்லை. என் காதில் விழுந்தது. எனக்கு விளங்கியது. ஒரு நிமிடந்தானே என்று நினைத்தேன். இந்தக் கட்டுரையில் எழுதுவதற்கு எனக்கு மிகக் கடினமான வசனம் அதுதான்.

கதவு சாத்தப்பட்டது. இருட்டில் யாரோ சிரித்தார்கள். பிறகு சுவரோடு துணி உரசி இறங்கும் ஒலி கேட்டது. என் மேலங்கியின் நுனியை ஒரு கை பிடித்துக் கீழே இழுத்தது. தாழ்ந்த, விரைவான ஒரு குரல் தமிழில் பேசியது. அது என் கணவரின் குரல் என்று விளங்க எனக்கு நேரம் எடுத்தது.

"இருங்கோ, இருங்கோ. காலை மடக்குங்கோ. பின்னாலை இன்னும் ஆக்களைக் கொண்டருகினம். இடம் விடுங்கோ."

கதவு திறந்து வெளிச்சம் விழுந்தபோது அவர் மூலையில் முழங்காலை நெஞ்சோடு மடித்து இருந்தார். வெளிச்சம் பட்டதும் எழுந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளையும் தலைக்கு மேலே சுவரில் விரித்து வைத்துக்கொண்டு நின்றார். யாரும் சொல்லாமல், ஒரு தொழிலாளி தன் இயந்திரத்தின் முன் போய் நிற்பதுபோல நின்றார்.

வழிகாட்டி மகிழ்ந்துபோனாள். குழுவில் ஒருவர் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். "நன்றாகச் செய்தீர்கள்! முன்னர் எங்காவது நடித்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். அவர் மெல்லத் திரும்பி, அவளுடைய சாவிக்கொத்தைப் பார்த்தார். தெளிவான டேனிஷில், மரியாதையாக, "யா. பதினொரு மாதங்கள்" என்றார். "எவ்வளவு அருமை" என்றாள் அவள்.

பஸ் வர முக்கால் மணித்தியாலம் இருந்தது. பஸ் தரிப்பின் மர வாங்கில் மூவரும் அமர்ந்திருந்தோம். எங்கள் ஊர்க் கடற்கரையிலும் ஒரு கோட்டை உண்டு. அதைக் கட்டியவர்களும் ஐரோப்பியர்கள்தான். அதற்கும் அகழியும் பாலமும் தடித்த சுவரும் உண்டு. என் கணவர் அடைபட்டிருந்தது அங்கேதான் என்பது மச்சாளுக்குத் தெரியும்; எனக்கு அன்றுதான் தெரியவந்தது. பதினொரு மாதமும் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பாலத்தடி வரை மச்சாள் போயிருக்கிறார். இவ்வளவு புத்தகம் படித்த எனக்கு, இந்த நாட்டின் கோட்டைகளையும் அந்தக் கோட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

மச்சாள் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு இருபது வயது நாக்கு இல்லாத குரலில் கேட்டார்.

"தம்பி, நீ வெளியிலை வந்து, சும்மா இருத்தி வைச்சிருந்தவங்கள் எண்டுதானே சொன்னனீ?"

"ஓம் அக்கா. சும்மாதான் இருந்தனாங்கள்."

"நான் ஒவ்வொரு வெள்ளியும் சாப்பாடு கட்டிக் குடுத்துவிட்டனான். பாலத்தடியிலை நிக்கிறவன் வாங்கிக்கொண்டு போறவன். அது உனக்கு வந்ததோ?"

கேள்வி முடிய முன்னமே பதில் வந்தது. "வந்தது அக்கா. புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும். ஒருக்கால் முட்டையும் வைச்சிருந்தனீங்கள்."

"ஓமடா! வைச்சனான்! முட்டை வைச்சனான்!" மச்சாள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நாற்பது ஆண்டாகச் சுமந்த எதையோ இறக்கிவைத்தவரின் அழுகை அது. அவர் பையைத் திறந்து தோடம்பழம் ஒன்றை எடுத்து உரித்து, சுளை சுளையாக அக்காவின் கையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மச்சாள் யாரும் சொல்லாமலே ஒரு துவாயை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். என் கணவர் கூடையின் முன் நின்று, "இண்டைக்கு எனக்கும் துடக்கு" என்று இன்னொன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். குளியலறையில் தண்ணீர் விழும் ஓசைக்குள் நான் அவரிடம் கேட்டேன்.

"மெய்யா வந்ததோ சாப்பாடு?"

"ஒருநாளும் வரேல்லை."

"அப்ப முட்டை?"

"எந்த அக்காவும் ஒருநாளெண்டாலும் முட்டை வைச்சிருப்பாதானே." தோளிலிருந்த துவாயைச் சரிசெய்தார். "அவவுக்குச் சொல்லிப்போடாதையும்." பிறகு தண்ணீர் நிற்கிறதா என்று காது கொடுத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எனக்கு என்ன பயமெண்டால், நான் மறந்துபோய்ச் சொல்லிப்போடுவனோ எண்டுதான்."

அந்தப் பயத்தில் எனக்கும் இப்போது பாதிப் பங்கு உண்டு. மச்சாள் திரும்பிப்போய் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் அழைக்கிறார். நான் பக்கத்தில் இருந்து, பேச்சு பழைய நாட்களுக்குத் திரும்பும்போது இருமுகிறேன், தேநீர் கொதிக்கிறது என்கிறேன். என் கணவருக்குக் கிழமையும் திகதியும் போய்விட்டன. கிரின்ஸ்டெட்டில் வேலை செய்த ஆண்டுகள் போய்விட்டன. இங்கேயே பிறந்த எங்கள் மகள் டேனிஷில் ஏதாவது சொன்னால் என் முகத்தைப் பார்க்கிறார். அந்தப் பொய் மட்டும் இன்னும் போகவில்லை. அவர் கைநிறையப் பிடித்து வைத்திருப்பது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போதும் நாங்கள் கோட்டைக்குப் போகிறோம். அவர்தான் போக வேண்டும் என்கிறார். நானும் உள்ளே போவதில்லை. பாலத்தின் இந்தப் பக்கத்தில் ஒரு வாங்கு இருக்கிறது. அதில் இருவரும் இருக்கிறோம். பை அவர் மடியில். போன மாதம் ஒரு நாள், அகழித் தண்ணீரின் ஓரம் உறையத் தொடங்கியிருந்தது. வாசலைப் பார்த்தபடி கேட்டார்.

"சாப்பாடு குடுத்தாச்சோ?"

"ஆருக்கு?"

"உள்ளுக்கு இருக்கிறவனுக்கு."

பதில் சொல்ல எனக்கு முப்பது ஆண்டுகள் தேவைப்படவில்லை. "ஓம். குடுத்தாச்சு" என்றேன்.

"வாங்கினவங்களோ?"

"வாங்கினவங்கள்."

"முட்டை வைச்சனீரோ?"

"வைச்சனான்."

தலையசைத்தார். பை இன்னும் அவர் மடியில்தான் இருந்தது. அதைத் திறந்து ரொட்டியை நீட்டினேன், வேண்டாம் என்றார். அவன் வரட்டும், சேர்ந்து சாப்பிடுவோம் என்றார். கோட்டை மூடும் நேரமாயிற்று. நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் பெண் வெளியே வந்து, பெரிய கதவின் ஒரு பாதியைச் சாத்திவிட்டு, இவ்வளவு நேரமாகக் குளிரில் இருந்த எங்களைக் கண்டு பாலத்தைக் கடந்து வந்தாள். "உங்களோடு வந்தவர் யாராவது இன்னும் உள்ளே இருக்கிறாரா?" என்று கேட்டாள்.

எந்த மொழியில் கேட்டாள் என்பதைக்கூட அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. "யா" என்றார்.

நான் ரொட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். அவள் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, மூடிய பாதிக் கதவை மறுபடியும் திறந்து, அவரைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள்.